அகலத்தை மடித்த கண்ணாடி

நகைக்கடை விளம்பரமோ, புது மாடல் காரின் அறிமுகப் படமோ, தாராளமாகச் செலவழித்து எடுத்த கல்யாண வீடியோவோ, எதைப் பார்த்தாலும் இப்போது ஒரு நீலக் கோடு கண்ணில் படுகிறது. எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கிலிருந்தோ மண்டபத்துச் சீரியல் பல்பிலிருந்தோ கிளம்பி, படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை படுக்கையாக நீள்கிறது அந்த ஒளி. பின்னணியில் மங்கித் தெரியும் விளக்குகள் வட்டமாக இல்லாமல் நெட்டுக்குத்தான முட்டை வடிவில் மிதக்கின்றன. மேலும் கீழும் இரண்டு கறுப்புப் பட்டைகள். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால், "சினிமா மாதிரியே இருக்கு" என்று வீடியோ எடுக்கச் சொன்னவர் மனம் நிறைந்து போகிறார்.

மூன்றும் ஒரே கண்ணாடி விட்டுச்சென்ற தடங்கள். புத்தகத்தில் அனமார்ஃபிக் லென்ஸ் என்று இருக்கும். நம் ஊர்த் தியேட்டர் ஆபரேட்டர்களும் கேமராக்காரர்களும் ஸ்கோப் லென்ஸ் என்பார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்து, போர், பொருட்காட்சி, ஹாலிவுட், பம்பாய், கோடம்பாக்கம் எனச் சுற்றி, இன்று செல்போனின் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது போன இடமெல்லாம் படத்துக்கு ஒரு கம்பீரம் வந்தது உண்மை. அந்தக் கம்பீரத்தைக் கொடுத்தது கண்ணாடிதானா என்பதுதான் என் கேள்வி.

ஆன்ரி கிரெத்தியென் சினிமாக்காரர் அல்லர், வானியலாளர். 1879இல் பாரிஸில் பிறந்தவர். தென் பிரான்சில் உள்ள நீஸ் நகர வானாய்வகத்தில் வேலை பார்த்தார். அமெரிக்கரான ஜார்ஜ் ரிச்சியோடு சேர்ந்து அவர் வகுத்த தொலைநோக்கி அமைப்பு இன்றும் இருவர் பெயரால்தான் வழங்குகிறது. 1990இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி அந்த அமைப்பில் கடைந்ததுதான். எங்கோ தொலைவில் இருக்கும் ஒளியைச் சிதறாமல் பிடித்து ஓரிடத்தில் சேர்ப்பதற்காகவே வாழ்நாளைக் கொடுத்த மனிதர் அவர். முதல் உலகப் போரின்போது, டாங்கிக்குள் அடைபட்டிருக்கும் வீரருக்குச் சிறு துவாரம் வழியாகச் சுற்றுப்புறத்தை அகலமாகக் காட்ட வழி தேடியபோதுதான் இந்த லென்ஸ் அவர் கையில் உருப்பெற்றது என்பார்கள்.

சாதாரண லென்ஸ் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளைந்திருக்கும். கிரெத்தியென் எடுத்துக்கொண்டது ஒரு பக்கம் மட்டும் வளைந்த, உருளை வடிவக் கண்ணாடிகளை. அவற்றைக் கேமராவின் வழக்கமான லென்ஸுக்கு முன்னால் பொருத்தினால், காட்சியின் உயரம் அப்படியே இருக்கும். அகலம் மட்டும் பாதியாகச் சுருங்கி ஃபிலிமில் விழும். எட்டு முழ வேட்டியை மடித்துச் சின்னப் பெட்டிக்குள் வைப்பது மாதிரி. ஃபிலிமைத் தனியாக எடுத்துப் பார்த்தால் மனிதர்கள் எல்லோரும் ஒட்டடைக்குச்சிகளாகத் தெரிவார்கள். தியேட்டரில் புரொஜெக்டருக்கு முன்னால் இதே வகைக் கண்ணாடியை வைத்தால் மடித்த அகலம் விரிந்துவிடும். ஃபிலிமின் அளவும் கேமராவும் புரொஜெக்டரும் மாறவேண்டியதில்லை. போகும்போது ஒரு கண்ணாடி, வரும்போது ஒரு கண்ணாடி, அவ்வளவே. 1920களின் பிற்பகுதியில் இதற்குக் காப்புரிமை வாங்கி, ஹைப்பர்கோனார் என்று பெயரும் வைத்தார்.

பிரெஞ்சு இயக்குநர் குளோத் ஓத்தான்-லாரா, ஜாக் லண்டனின் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த லென்ஸில் ஒரு குறும்படம் செய்தார். 1930 இறுதியில் பாரிஸில் திரையிட்டார். அந்த நேரம் பார்த்துப் பேசும் படம் வந்துவிட்டது. தியேட்டர்க்காரர்கள் ஒலிக்கருவி வாங்கியே கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அகலத்துக்குச் செலவழிக்க யாரிடமும் காசில்லை. படம் போன சுவடு தெரியவில்லை, பிரதியும் இன்று இல்லை. 1937இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் ஹைப்பர்கோனாருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. ஒளிக்கூடத்தின் வெளிச்சுவரையே திரையாக்கி, சுமார் 60 மீட்டர் அகலத்துக்குப் படம் காட்டினார்கள். பொருட்காட்சி முடிந்தது, லென்ஸ் மறுபடி பெட்டிக்குள் போனது. பதினைந்து ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.

அதைப் பெட்டியிலிருந்து வெளியே கொண்டுவந்தது தொலைக்காட்சி. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளின் கூடத்தில் டிவி வந்து உட்கார்ந்துகொள்ள, தியேட்டர்கள் காலியாகத் தொடங்கின. 1952 செப்டம்பர் இறுதியில் நியூயார்க்கில் சினிராமா என்ற வித்தை அரங்கேறியது. மூன்று புரொஜெக்டர்கள், உள்வளைந்த பிரம்மாண்டத் திரை. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஆனால் மூன்று புரொஜெக்டர்களை ஒருசேர ஓட்ட எத்தனை தியேட்டர்களால் முடியும்? ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஸ்பைரோஸ் ஸ்கூராஸ் அதே ஆண்டு டிசம்பரில் பிரான்சுக்குப் போய், எழுபதைத் தாண்டிவிட்ட கிரெத்தியெனைச் சந்தித்தார். காப்புரிமை ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் அந்த லென்ஸைச் செய்துகொள்ளலாம். ஆனால் செய்ய மாதக்கணக்காகும். அதனால் ஸ்கூராஸ் முதியவரிடம் இருந்த பழைய லென்ஸ்களையே வாங்கினார். கையில் இருந்த மூன்றே மூன்று கண்ணாடிகளை நம்பி, இனி ஃபாக்ஸ் படம் எல்லாம் இந்த முறையில்தான் என்று அறிவிக்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்த முறைக்குச் சினிமாஸ்கோப் என்று பெயரிட்டார்கள்.

'தி ரோப்' 1953 செப்டம்பர் 16 அன்று நியூயார்க் ராக்ஸி தியேட்டரில் வெளியானது. உயரத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் அகலமான படம், நான்கு தடக் காந்த ஒலி. வசூல் குவிந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் அகாதமி கிரெத்தியெனுக்கும் ஃபாக்ஸ் பொறியாளர்களுக்கும் அறிவியல் விருது கொடுத்தது. வானத்தைப் பார்க்கப் பிறந்த மனிதர் 1956 பிப்ரவரியில் வாஷிங்டனில் இறந்தபோது, உலகின் பெரிய ஸ்டூடியோக்கள் பலவும் அவர் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

நன்றாகப் பார்த்தன என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஸ்கோப் லென்ஸ் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அது தனி உறுப்பாக முன்னால் நின்றதால் ஃபோகஸை இரண்டு இடத்தில் திருப்பவேண்டும். கேமரா லென்ஸில் ஒன்று, ஸ்கோப்பில் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படம் குழம்பிவிடும். ஓரங்களில் கூர்மை இல்லை, தூண்கள் வளைந்தன. ஒளித்துவாரத்தை நன்றாகக் குறுக்கினால்தான் படம் தெளியும். குறுக்கினால் வெளிச்சம் போதாது, ஆகவே விளக்குமேல் விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, நடிகரின் முகத்துக்கு அருகே போனால் லென்ஸ் சுருக்கும் அளவு குறைந்துவிடும். புரொஜெக்டரோ அது தெரியாமல் முழுசாக விரிக்கும். கதாநாயகியின் கன்னம் இருபக்கமும் உப்பிவிடும். ஹாலிவுட்டில் இதற்குப் பொன்னுக்கு வீங்கி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த நோய்க்கு மருந்து கண்டவர் ராபர்ட் காட்ஷாக். அவருடைய பானாவிஷன் நிறுவனம் தொடக்கத்தில் தியேட்டர்களுக்குப் புரொஜெக்டர் லென்ஸ் செய்து கொடுத்தது. 1958இல் கொண்டுவந்த ஆட்டோ பானட்டார் லென்ஸில், ஃபோகஸ் திருப்பும்போதே சுருக்கத்தையும் சரிக்கட்டும் கண்ணாடிகள் உள்ளே சுழன்றன. முகம் முகமாகத் தெரிந்தது. நடிகர்கள் பானாவிஷன் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். 1967 வாக்கில் ஃபாக்ஸே சினிமாஸ்கோப்பைக் கைவிட்டு அந்த லென்ஸுக்கு மாறிவிட்டது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் அதற்குப் பின்னும் பல்லாண்டுகளுக்குச் சுவரொட்டிகளில் 'சினிமாஸ்கோப்' என்ற எழுத்து படத்தின் பெயருக்குச் சமமாகப் பெரிதாக இருந்தது.

லென்ஸ் தேறுவதற்குள் கலைஞர்கள் தேறிவிட்டார்கள். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் கவர்வது இந்தப் பகுதிதான். முதல் சில ஆண்டுகளில், இவ்வளவு அகலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்களை வரிசையாக நிறுத்திவைத்தார்கள். பிறகு அந்த அகலம் ஒரு நிபந்தனை என்பது புரிந்தது. ஃபிரேமின் வலக்கோடியில் ஒருவர் பேசும்போது இடக்கோடியில் இருப்பவர் சும்மா நிற்க முடியாது. அவரும் படத்தில்தான் இருக்கிறார். சுவரில் தொங்கும் காலண்டர், ஜன்னலுக்கு வெளியே போகும் ரயில், கதவோரம் கழற்றிப் போட்ட செருப்பு எல்லாமே கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். ஜப்பானிய இயக்குநர் குரோசாவா தம் 'ஹை அண்ட் லோ' படத்தின் முதல் பாதியை ஏறத்தாழ ஒரே வரவேற்பறையில் நடத்துகிறார். தொழிலதிபர், மனைவி, காரோட்டி, போலீஸ்காரர்கள் எனப் பலர் அகலத் திரையில் நின்றும் உட்கார்ந்தும் முதுகைத் திருப்பியும் இருக்க, யார் யாரிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதே கதையாகிறது. அந்தக் காட்சிகளில் எந்த விளக்கும் கோடு இழுக்கவில்லை. அப்படி இழுத்தால் அந்த டேக்கை மறுபடி எடுக்கச் சொல்லும் காலம் அது.

இந்தியாவுக்கு இந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்த படம் குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்'. 1959, கறுப்பு வெள்ளை. ஒளிப்பதிவு வி. கே. மூர்த்தி. கன்னடக்காரர், மைசூரில் பிறந்தவர். அந்தப் படத்தில் ஒரு பாட்டுக் காட்சி உண்டு. காலியான சினிமா ஸ்டூடியோ, மேலிருந்து சாய்வாக இறங்கும் ஓர் ஒளித்தூண், அதன் இருபுறமும் சேர முடியாத இருவர். ஸ்டூடியோ விளக்கு எதை வைத்தாலும் ஒளி விரிந்து பரவிவிடும். சூரியக்கதிர்போல் இணையாக வராது. மூர்த்தி சூரியனையே உள்ளே அழைத்தார். பெரிய கண்ணாடி ஒன்றை வெளியில் வெயிலில் நிறுத்தி, வெயிலை உள்ளே திருப்பினார். உள்ளே மேலே இன்னொரு கண்ணாடி அதை வாங்கிக் கீழே இறக்கியது. சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் ஆட்கள் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒளித்தூண் பளபளப்பதற்குக் காரணம் ஸ்கோப் லென்ஸ் அல்ல, வெயிலில் நின்று கண்ணாடியைப் பிடித்தவர்களின் கை. லென்ஸ் செய்தது ஒன்றுதான். ஒளித்தூணுக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு இருட்டையும் வெறுமையையும் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது.

படம் தோற்றது. குரு தத் அதன் பிறகு தம் பெயரில் எந்தப் படத்தையும் இயக்கவில்லை. மூர்த்திக்குத் தாதாசாகேப் பால்கே விருது 2008ஆம் ஆண்டுக்காக வழங்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

தமிழுக்கு ஸ்கோப் வர இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1973 மார்ச் 31 அன்று வெளியான 'ராஜராஜ சோழன்' முதல் தமிழ் சினிமாஸ்கோப் படம். ஏ. பி. நாகராஜன் இயக்கம், சிவாஜி கணேசன் நடிப்பு, டபிள்யூ. ஆர். சுப்பாராவ் ஒளிப்பதிவு. தயாரித்தவர் மவுண்ட் ரோடு ஆனந்த் தியேட்டரின் உரிமையாளர் ஜி. உமாபதி. தியேட்டர்க்காரர் ஒருவர் அகலத் திரையில் பணம் போட்டது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். மக்கள் எதைப் பார்த்தால் வாய்பிளப்பார்கள் என்பதை டிக்கெட் கிழிக்கும் இடத்திலிருந்து பார்த்தவர் அவர். நாடக மேடையிலிருந்து வந்த கதை, நாடக மேடையின் அகலத்தை ஏறத்தாழ அப்படியே தரும் திரை. அரசவைக் காட்சிகளுக்கு அது பொருந்தியது. மறு ஆண்டு தெலுங்கில் 'அல்லூரி சீதாராமராஜு', 1978இல் மலையாளத்தில் 'தச்சோளி அம்பு' என்று அக்கம்பக்கத்து மொழிகளும் ஸ்கோப்புக்குள் வந்தன. மூன்றுமே வீரக் கதைகள் என்பதைக் கவனிக்கலாம். குதிரை, படை, மலை என்று அகலத்துக்கு வேலை வைக்கும் கதைகளாகத்தான் முதலில் தேடியிருக்கிறார்கள்.

தியேட்டர் கேபினில் இந்தக் கண்ணாடிக்குத் தனி மரியாதை இருந்தது. நியூஸ் ரீல் ஓடும்போது சாதா லென்ஸ். அது முடிந்து பெரிய படம் தொடங்கும் முன் ஆபரேட்டர் கனமான ஸ்கோப் லென்ஸைப் புரொஜெக்டரின் மூக்கில் பொருத்துவார். திரையின் இருபுறமும் கறுப்புத் துணி விலகும். திரை வாய் திறக்கும் அந்த நேரத்துக்கே விசில் பறக்கும். லென்ஸ் போட மறந்தாலோ, நடிகர்கள் மெலிந்து நெடுநெடுவென்று நடக்க, அரங்கமே கேபினைத் திரும்பிப் பார்த்துக் கத்தும். பளபளப்பு என்பது அன்று ஊரே சேர்ந்து அனுபவித்த ஒன்று. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்தவருக்கும் அதே அகலம்தான்.

டிவியில் அந்த அகலம் வெட்டுப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தூர்தர்ஷன் படத்தில் எழுத்துப் போடும்போது எழுத்துகளெல்லாம் ஒல்லியாக நீண்டு தெரியும். எழுத்து முடிந்ததும் படம் சதுரமாகி, பக்கவாட்டில் நின்றவர்கள் காணாமல் போவார்கள். குரல் மட்டும் வரும். டிவியை வெல்வதற்காகப் பிறந்த கண்ணாடி டிவிப் பெட்டிக்குள் இப்படி நறுக்கப்பட்டது வருத்தமான அத்தியாயம். ஒளிப்பதிவாளர்கள் பலர் அதைக் கணக்கில் வைத்து, முக்கியமான எதையும் ஓரத்தில் வைக்காமல் நடுவிலேயே குவிக்கத் தொடங்கினார்கள். அகலத்தில் கற்ற பாடத்தைப் பாதி மறக்கவேண்டி வந்தது.

பிறகு சூப்பர் 35 வந்தது. சாதா லென்ஸில் எடுத்து, மேலும் கீழும் வெட்டி ஸ்கோப்பாக்கும் முறை. டிஜிட்டல் கேமரா வந்தபோது இது இன்னும் எளிதாயிற்று. தியேட்டர்களில் கியூப் போன்ற டிஜிட்டல் புரொஜெக்ஷன் வந்து ஃபிலிம் பெட்டி போனது. அதோடு சேர்ந்து கேபினில் இருந்த ஸ்கோப் லென்ஸும் வேலையிழந்தது. இனி இந்தக் கண்ணாடிக்கு என்ன வேலை என்று தோன்றிய காலம் அது.

அப்போதுதான் எதிர்பாராத திருப்பம். டிஜிட்டல் படம் அளவுக்கு மீறித் துல்லியமாக இருந்தது. முகத்தில் பவுடர் திட்டு தெரிந்தது, விக்கின் விளிம்பு தெரிந்தது. எல்லாக் கேமராவும் ஒரே மாதிரிச் சுத்தமாகப் பார்த்தது. அந்தச் சுத்தத்தை உடைக்க ஒளிப்பதிவாளர்கள் பழைய கண்ணாடியைத் தேடிப்போனார்கள். ஓரத்தில் கூர்மை குறைவது, ஒளி பட்டால் கோடு இழுப்பது, பின்னணி முட்டை வடிவில் கரைவது என எவற்றையெல்லாம் குறை என்று பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஒழிக்கப் பாடுபட்டார்களோ, அவையே இப்போது குணம் என்று விலைபெற்றன. ஆரி நிறுவனம் தன் அலெக்ஸா கேமராவிலேயே ஸ்கோப் லென்ஸுக்கு ஏற்ற 4:3 சென்சார் வைத்தது. 2015இல் டரன்டினோவின் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்துக்காக ராபர்ட் ரிச்சர்ட்சன், பானாவிஷன் அலமாரியில் கிடந்த அல்ட்ரா பானாவிஷன் லென்ஸ்களை வெளியே எடுத்தார். 1966இல் வந்த 'கார்ட்டூம்' படத்துக்குப் பிறகு யாரும் தொடாதவை. அடுத்த ஆண்டு 'ரோக் ஒன்' படத்தில் அதே வகை லென்ஸ்கள் புத்தம்புது 65 மில்லிமீட்டர் டிஜிட்டல் கேமராவின் முன்னால் அமர்ந்தன.

அந்தக் கோடும் முட்டையும் எப்படி வருகின்றன என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வலுவான வெளிச்சம் லென்ஸுக்குள் நுழையும்போது கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே மோதி எதிரொளிக்கிறது. உருளைக் கண்ணாடி ஒரு திசையில் மட்டும் வளைந்திருப்பதால், அந்த எதிரொளி எல்லாப் பக்கமும் சிதறாமல் படுக்கைவாட்டில் மட்டும் இழுபடுகிறது. நீலம் வருவது கண்ணாடியின் மேல்பூச்சால். முட்டை வடிவத்துக்குக் காரணம் வேறு. 50 மில்லிமீட்டர் ஸ்கோப் லென்ஸ் மேல்கீழாக 50 ஆகவும், இடவலமாக 25 ஆகவும் பார்க்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு லென்ஸ்களின் பார்வை. ஆளுக்குப் பின்னால் இருப்பது நன்றாக மங்குகிறது. ஆனால் அவரைச் சுற்றி இருக்கும் இடமோ அகலமாகத் தெரிகிறது. மனிதரைக் கூட்டத்திலிருந்து பிரித்தும் காட்டலாம், அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் விடாமல் காட்டலாம். இந்தக் கண்ணாடியின் நிஜமான கொடை என்று நான் மதிப்பது இதைத்தான். கோடு ஓர் உபரி.

உபரிக்குத்தான் கிராக்கி அதிகமாயிற்று. ஜே. ஜே. ஏப்ரம்ஸின் 'ஸ்டார் ட்ரெக்' 2009இல் வந்தபோது, கேமராவுக்கு வெளியே ஆட்கள் டார்ச் விளக்கைப் பிடித்து லென்ஸுக்குள் அடித்து வேண்டுமென்றே கோடுகளை வரவழைத்தார்கள். அதன் பிறகு அந்தக் கோடு விளம்பரம், பாட்டு வீடியோ எல்லாவற்றுக்கும் பரவியது. வேலையிழந்து கிடந்த தியேட்டர் ஸ்கோப் லென்ஸ்களை, கோவா, இஸ்கோ போன்ற பெயர்கள் பொறித்தவற்றை, இளைஞர்கள் இணையத்தில் தேடி வாங்கித் தங்கள் டிஜிட்டல் கேமராவின் முன்னால் கட்டினார்கள். படத்தை விரிக்கச் செய்த கண்ணாடி இப்போது படத்தை மடிக்கும் வேலைக்கு வந்தது. அதிலும் ஃபோகஸ் இரண்டு இடத்தில் திருப்பவேண்டும். 1953இல் 'தி ரோப்' கேமரா உதவியாளர் பட்ட அதே அவஸ்தையை வாடகை அறையில் ஒரு குறும்படக்காரர் பட்டார். எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. தொட்டுத் திருப்பித் தப்புச் செய்து கற்றவர்கள் அவர்கள்.

இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. சென்சாரின் 16:9 வடிவத்துக்கு ஏற்ப 1.33 மடங்கு மட்டும் சுருக்கும் லென்ஸ்களைச் சீன நிறுவனங்கள் சாமானியர் எட்டும் விலையில் விற்கின்றன. 16ஐ 9ஆல் வகுத்தால் 1.78. அதை 1.33ஆல் பெருக்கினால் 2.37, கிட்டத்தட்ட தியேட்டர் ஸ்கோப்பின் அளவு. நீலக் கோடு வேண்டுமா, நிறமில்லாத கோடு வேண்டுமா என்று கேட்டே கொடுக்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் லென்ஸுக்கு முன்னால் நெட்டுக்குத்தாகத் தூண்டில் நரம்பு ஒன்றைக் கட்டினால் கோடு வரும். எடிட்டிங் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினாலும் வரும். கறுப்புப் பட்டைக்கும் பொத்தான் உண்டு.

இப்படி எடுத்த பல வீடியோக்களில் கோடு இருக்கிறது, பட்டை இருக்கிறது, ஆனாலும் ஏதோ குறைகிறது. மண்டபத்தின் பச்சை டியூப்லைட் மணப்பெண் முகத்தில் அப்படியே விழுகிறது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு. தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரம் மைக்கைக் கிழிக்கிறது, ஐயர் சொல்வது கேட்கவே இல்லை. கேமரா நிற்காமல் மிதந்துகொண்டே இருக்கிறது. எந்த முகத்திலும் இரண்டு விநாடி தங்குவதில்லை. பட்டை போடுவதற்காக மேலும் கீழும் வெட்டியதில் மாப்பிள்ளையின் தலைப்பாகை பாதி போய்விட்டது. அகலமாக எடுக்கவில்லை, உயரத்தைத்தான் குறைத்திருக்கிறார்கள்.

ஸ்கோப் காலத்துப் படங்களில் நாம் பார்க்கும் உயர்ந்த தரம், அந்தக் கண்ணாடி கேட்ட விலையைக் கொடுத்ததால் வந்தது. அது வெளிச்சம் கேட்டது. ஆகவே லைட்மேன்கள் மணிக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். கிட்டே போகவிடவில்லை; ஆகவே நடிகர்கள் உடம்பு முழுவதையும் வைத்து நடித்தார்கள். ஃபோகஸ் தப்பினால் மன்னிக்கவில்லை. ஆகவே தரையில் சாக்பீஸ் குறி போட்டு, டேப் பிடித்து அளந்தார்கள். ஓரம்வரை காட்டியது, ஆகவே கலை இயக்குநர் ஓரம்வரை செட் போட்டார். இன்று வடபழனியிலும் சாலிகிராமத்திலும் யூனிட்டிலிருந்து லென்ஸ் பெட்டி இறங்கும்போது கூடவே வெளிச்சத்தை வெட்டவும் மென்மையாக்கவும் திருப்பவும் உதவும் கட்டர், ஸ்கிம்மர், தெர்மாகோல் எல்லாம் இறங்குவது இதனால்தான். நல்ல ஒளிப்பதிவாளர் கதாநாயகியின் கன்னத்துக்கு ஒரு தெர்மாகோலை எங்கே பிடிப்பது என்பதில் காட்டும் அக்கறையில் பாதியை எந்த லென்ஸிலும் காட்டமாட்டார். மாதச் சம்பளக்காரர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த காசில் கல்யாண வீடியோ கேட்கிறார் என்றால், அவருக்கும் அந்த அக்கறை கிடைக்கவேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மண்டபத்தைப் போய்ப் பார்த்து எந்த டியூப்லைட்டை அணைக்கலாம் என்று கேட்பதற்கும், சாஸ்திரிகள் மேல்துண்டில் ஒரு சின்ன மைக் குத்துவதற்கும் எந்த நாட்டிலிருந்தும் லென்ஸ் வரவழைக்க வேண்டியதில்லை.

இந்தக் கண்ணாடியை ஏழ்மையிலும் சரியாகக் கையாண்டவர் என்று நான் சொல்லும் பெயர் ஷான் பேக்கர். 2015 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட அவருடைய 'டாஞ்சரின்' முழுக்க ஐஃபோன் 5எஸ்ஸில் எடுத்தது. போனின் முன்னால் மூன்டாக் லேப்ஸ் செய்த 1.33 ஸ்கோப் துண்டு. லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் நடக்கும் இரண்டு திருநங்கைகளின் ஒரு நாள் கதை. விளக்குக்குப் பணமில்லை, கலிஃபோர்னியச் சாய்வெயில்தான் விளக்கு. ஒலியை மட்டும் போனிடம் விடவில்லை, முறையான கருவியில் தனியே பதிவு செய்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள் போனில் எடுத்தது என்பதை நம்பவில்லை. 2024இல் வெளியான அவருடைய 'அனோரா' 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், பெரிய ஸ்கோப் லென்ஸில் எடுத்தது. மறு ஆண்டு சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. இரண்டு படத்தின் கண்ணாடிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இரண்டிலும் அவர் தம் பெண்களைத் தெருவில் நடக்கவிட்டு, அவர்களின் இருபுறமும் கடைகளையும் சுவர்களையும் வானத்தையும் வைக்கிறார். அவர்கள் வாழும் ஊர் எது, அதில் அவர்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது. அகலம் எதற்கு வேண்டும் என்பது போனைப் பிடித்த நாளிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.